ஓடச் சொல்லி எழுதிய சீட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். ஊத்தங்கரையிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஹாலந்திலிருந்து பெரிய பேக்கிங் மிஷின் ஒன்று வந்து இறங்கியது. அதைப் பூட்டிக் கொடுக்க அங்கிருந்தே வந்த வயதான மெக்கானிக்குக்கு குட்மார்னிங் தாண்டி இங்கிலீஷ் வராது. மானேஜர் ஒரு இங்கிலீஷ்–டச்சு அகராதியை என்னிடம் கொடுத்து, "ஃபிட்டருங்க சொல்றத சீட்டுல எழுதிக் காட்டும்மா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டச்சு எழுதப் போகிறேன்!

முதல் நாளே ஸ்பிரிங் காலை வாரியது. அகராதியில் அதற்கு நாலைந்து சொல். முதல் சொல்லை எழுதிக் கொடுத்தேன். மெக்கானிக் படித்துவிட்டு வெளியே கொளுத்திய வெயிலைப் பார்த்தார். நான் எழுதிய சொல்லுக்கு வசந்த காலம் என்று அர்த்தமாம். அன்றிலிருந்து எதையும் இரண்டு முறை பார்த்தேன்.

'ரன்' மட்டும் எனக்குச் சந்தேகமே தரவில்லை. தமிழில் மனிதனும் ஓடுகிறான், மிஷினும் ஓடுகிறதே!

சோதனை நாளன்று பெரிய ஃபிட்டர் கத்தினார்: "எல்லாம் ரெடி. ரன் பண்ணச் சொல்லும்மா, சீக்கிரம்!"

அகராதியில் 'ரன்'னுக்கு இருந்த முதல் சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதி, ஆச்சரியக்குறியும் போட்டு நீட்டினேன். மெக்கானிக் முகம் வெளுத்தது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஃபிட்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் பறந்தார். என்னவோ ஏதோவென்று ஷெட்டே பின்னால் ஓடியது. நானும்தான்.

கேட்டருகே மூச்சிரைக்க நின்ற ஃபிட்டர், "ஏம்மா, என்னாத்த எழுதிக் குடுத்த?" என்றார்.

மெக்கானிக் சீட்டைக் காட்டி, கைகளை வீசி ஓடுவதுபோல் நடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடி அகராதியைப் புரட்டினேன். அதற்குள் அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். என் சொல்லை அடித்துவிட்டு வேறொன்று எழுதி, விரலைக் காற்றில் சுற்றிக் காட்டினார். மனிதன்தான் ஓடுவான், மிஷின் சுழலும்!

உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினார். சுழன்றது. முதல் பெட்டி வெளியே வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு ஆவல் பொறுக்கவில்லை. சினிமா ஓடுவதை எழுதிக் கேட்டேன். விரலைச் சுற்றினார். கடை ஓடுவது? அதற்கும் சுற்றினார். நோட்டில் வேகவேகமாகக் குறித்தேன்.

ஜலதோஷத்தில் இருந்த ஃபிட்டர் தன் மூக்கைக் காட்டி, "இங்கிலீஷ்ல மூக்கு ஒழுகுறதும் ரன்னுதானே? இதையும் கேளு" என்றார்.

மெக்கானிக் இரண்டு விரல்களை மேசைமேல் மெல்ல நடக்க விட்டார்.

"அட, அவங்க ஊர்ல மூக்கு நடக்குதா!" என்றார் ஃபிட்டர்.