மூன்றாவது சிலிண்டரில் ஒரு பெல்ட்

அனார்கானின் வேனுக்கு எங்கள் ரோட்டில் ‘ரொட்டி’ என்று பெயர். பழைய ரஷ்ய வேன். அச்சில் வைத்துச் சுட்ட ரொட்டி மாதிரியே இருக்கும். எஞ்சின் முன்னால் கிடையாது. டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குக் கீழே கிடக்கும். புருஷன் படுக்கையில் விழுந்த வருஷம் ஸ்டீயரிங்கைப் பிடித்தவள், அவன் போன பிறகும் விடவில்லை. டோலோன் கணவாயின் அடிவாரத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பாலிக்சி ஊருக்கும் திரும்பவும் பன்னிரண்டு வருஷம் ஆள் ஏற்றி இறக்கினாள். “பொம்பளை ஓட்டுறா, துவா ஓதிட்டு ஏறுங்கடா” என்று கேலி பேசிய கிழவர்கள்தான் பிறகு அவள் வண்டிக்காகக் காத்து நின்றார்கள். அவளும் சும்மா விடமாட்டாள். “எறங்கி நடந்து வாங்க பெரியப்பா, தொப்பை கொறையும்” என்பாள்.

இந்த நவம்பரில் தட்டல் ஆரம்பித்தது. முதலில் டாப்பெட் என்று நினைத்தாள். டாப்பெட் என்றால் பயமில்லை, தையல் மெஷின் மாதிரி மேலே லேசாக டிக் டிக் என்று ஓடும். இது அடியிலிருந்து வந்தது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சத்தமே காட்டாது. சூடேறி மேட்டில் இழுக்கும்போது டொக், டொக் என்று காலுக்குள் அடித்தது.

பாலிக்சியில் மெக்கானிக் ஷெர்காசியின் ஷெட்டுக்குள் வண்டியை விட்டாள். அவன் எஞ்சினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். ஒன்று, இரண்டு, தட்டல் மாறவில்லை. மூன்றாவதைப் பிடுங்கியதும் சத்தம் அமுங்கிப்போனது.

“மூணாவது சிலிண்டர். பேரிங் போச்சு. அது புடிக்கிற கிராங்க் தண்டையும் சேத்துத் தின்னுடுச்சு.”

“வேற பேரிங் போட்டுடு.”

“தின்ன கிராங்க்ல புது பேரிங் ஒரு வாரம் தாங்காதுக்கா. வேற எஞ்சின் வேணும். அந்தக் காசுக்கு வேற வண்டியே வாங்கலாம்.”

அவள் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை, வேனைத் தவிர எதுவுமில்லை. வேன் நல்ல விலைக்குப் போனால் இரண்டு பசு வாங்கிப் பிழைத்துக்கொள்ளலாம். இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் ஒரு கன்றுக்குட்டிகூட வராது.

ஷெர்காசியின் கண் வேனுக்குள் போனது. உடைந்த பின் சீட்டை ஒரு பெல்ட் இழுத்துக் கட்டியிருந்தது. அவள் புருஷனுடைய பெல்ட்.

“அது நெஜத் தோலாக்கா?”

அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். கணவாயில் பேரிங் போனால், இடுப்பு பெல்ட்டை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, பேரிங் இருந்த இடத்தில் வைத்து ஊர்ந்து வீடு வந்து சேருவார்கள். வீடு வந்து சேரத்தான் அது. விற்பதற்கு அல்ல.

“சத்தமே வராது. மெதுவாப் போனா நூறு கிலோமீட்டர் ஓடும். சந்தை பின்தெருவுலதானே இருக்கு.”

“வாங்குறவன்?”

“வாங்குறவனுக்கும் காது இருக்குல்ல?”

வெட்டும்போது அவள் வெளியே போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் சந்தையில் வந்தவன் மெதெர்பெக். முப்பது வயது இருக்கும். பொண்டாட்டி அய்சிரெக், கையில் நாலு மாதக் குழந்தை. மூன்று குதிரைகளை விற்ற பணம் பையில். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். அவளைப் போலவே ஆள் ஏற்றி ஓட்டப் போகிறானாம்.

“எஞ்சின் தட்டுதாக்கா?”

“நீயே கேட்டுப் பாரு தம்பி.”

“குதிரைன்னா பல்லப் பாத்துச் சொல்லுவேன். இதுல எனக்கு என்ன தெரியும்? பன்னெண்டு வருஷம் ஓட்டுனவங்க, நீங்க சொல்லுங்க. போதும்.”

“தட்டல” என்றாள்.

பணம் கை மாறியது. அதோடு விட்டானா பாவி? வண்டிக்கு ஆசி சொல்லச் சொன்னான். மூத்தவள், விற்றவள், சொல்லாமல் எப்படி? இரண்டு கையையும் விரித்து, “வழி வெள்ளையா இருக்கட்டும்” என்று எங்கள் வழக்கப்படி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டாள்.

“ஏறுங்கக்கா. உங்க வீட்டு வாசல்லயே எறக்கிவிடுறேன்.”

“பஸ்ஸுல போய்க்கிறேன்பா.”

“வண்டிய வாங்கிக்கிட்டு அக்காவ நடுத்தெருவுல விட்டான்னு ஊரு காறித் துப்பவா?” என்றான். அய்சிரெக் அவள் கையைப் பிடித்து முன் சீட்டில் ஏற்றிவிட்டாள். பின்னால் குளிர் என்பதால் குழந்தையைப் போர்வையில் சுற்றி, வெதுவெதுப்பான எஞ்சின் மூடி மேல் படுக்கவைத்து, பின் சீட்டிலிருந்து குனிந்து பிடித்துக்கொண்டாள்.

அனார்கான் கிலோமீட்டர் கல்லை எண்ணினாள். முப்பது. நாற்பது. “மெதுவாப் போ தம்பி, பனி வழுக்கும்.” எழுபது. மேடு தொடங்கியது. எண்பத்தாறில் வந்தது: டொக். அவளுக்கு மட்டும் கேட்டது. கொஞ்ச தூரத்தில் அவனுக்கும் கேட்டுவிட்டது.

ஓரம் கட்டினான். குழந்தையைத் தூக்கச் சொல்லி மூடியைத் திறந்தான். வீல் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்து அவளிடமே நீட்டினான். “இதோட பேச்சு உங்களுக்குத்தானே தெரியும். கேட்டுச் சொல்லுங்கக்கா.”

கம்பியின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்தாள். தோல் நைந்துபோய், இரும்பு இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. இதற்கு மேல் யாரும் தெளிவாகச் சொல்ல முடியாது. பணம் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. சொல்லித் தொலையேன்டி! இரண்டு வார்த்தைதானே?

“டாப்பெட்” என்றாள். “இந்த வண்டிக்கு இது எப்பவும் இருக்கறதுதான்.”

“அப்பாடா” என்று சிரித்தான் மெதெர்பெக்.

அவள் வீட்டு வாசலுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தட்டல் இப்போது வீட்டுக்குள் வரைக்கும் கேட்கிற மாதிரி இருந்தது.

“இன்னைக்குத் தங்கிட்டுப் போங்க. கறி வேகவைக்கிறேன். பச்சப்புள்ளையோட இந்நேரத்துல கணவாய் வேண்டாம்.”

“அம்மா ஆடு அறுத்துட்டுக் காத்துக் கெடக்குக்கா, புது வண்டி வருதுன்னு.”

“கேளுடா தம்பி, பனி வரும்டா!” கதவைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் கெஞ்சினால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். கையை எடுத்தாள்.

ரொட்டி மேட்டில் ஏறியது. அவள் முற்றத்தில் நின்று கேட்டாள். டொக், டொக், டொக். வளைவில் திரும்பினால் மலை மறைத்துச் சத்தம் நின்றுவிடும். நிற்கட்டும், சீக்கிரம் நிற்கட்டும் என்று நின்றாள். சத்தம் ஒரு முறை பெரிதாக வெடித்து நின்றது.

பன்னிரண்டு வருஷம் ஓட்டிய ரோடு. வளைவு எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாதா? வண்டி வளைவு வரைக்கும் போயிருக்க முடியாது.

பனி விழ ஆரம்பித்திருந்தது. அந்தப் பக்கம் கணவாய். இந்தப் பக்கம் கடைசி வீடு அவளுடையதுதான். குழந்தையோடு இருப்பவர்கள் வேறு எங்கே போவார்கள்?

உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். துணி விரித்து, ரொட்டியைப் பிட்டு வைத்து, மூன்று கிண்ணம் எடுத்துவைத்தாள். கதவைத் தாழ்போடாமல், அதைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.