அகப்பைக் கிரேன்

குடியிருப்பின் லிஃப்டைப் பழுது பார்த்தவர் விட்டுச்சென்ற கிரீஸ் வாடை, இன்று காலை என்னை ராயபுரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நைனா, கிரேன்கள் வந்து முதுகுகளுக்கு வேலை குறைந்தபோது, கூட்டாளிகள் எல்லாரும் அந்த இரும்பைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருக்க, அதை ஓட்டக் கற்றுத்தரும் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். மாலையில் கிரீஸ் மணக்க வீட்டுக்கு வந்து, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, மணல் நிரப்பிய குடத்தில் நட்ட இரண்டு அகப்பைகளை, கிரேனை இயக்கும் லீவர்களாகப் பிடித்துக்கொள்வார். கீழே நின்று சைகை காட்டும் ஆளாக எதிரே அம்மா நிற்பாள். அவள் கையை உயர்த்தினால் ஏற்ற வேண்டும், தாழ்த்தினால் இறக்க வேண்டும், மடக்கினால் நிறுத்த வேண்டும். உலை கொதிக்கும் சத்தத்தோடு மணலில் அகப்பைகள் நறநறக்கும். ஒருநாள் அம்மா சட்டென்று கையை வீச, நைனா அகப்பையை இழுத்துவிட்டார்.

“கருவாட்டுக்கு வந்த காக்காவ வெரட்டுனேன்யா! நீ இன்னாத்த தூக்கினே?”

“கை எழுந்தா மூட்டையும் எழணும்மே. இல்லாங்காட்டி இந்த வேலையும் பூடும்.”

நைனா தேறி, முதன்முதலாகக் கிரேனில் ஏறிய நாளில் அம்மா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். தூரத்தில் வரிசையாக நின்ற கிரேன்களில் எது அவருடையது என்று யாருக்குத் தெரியும்? அம்மா மெல்லக் கையை உயர்த்தினாள். ஒரு கிரேன் மூட்டைக் கட்டோடு தன் நீண்ட கையைத் தூக்கியது.

“அதாண்டி உங்க நைனா” என்றாள், அந்தக் கட்டு கப்பலுக்குள் இறங்கும்வரை தன் கையை இறக்காமல்.