கடைசி இடத்தில் முடித்த அணியும் செல்வாவின் ஒற்றை அறையும்

கால்பந்து அணிக்குச் சட்டை துவைக்கிறவனிடம் ஆட்டத்தின் முடிவை யாரும் சொல்லவேண்டியதில்லை. ஜெயித்த நாளில் ஆட்டக்காரர்களே சட்டையைக் கழற்றிக் கையில் தருவார்கள், தோற்ற நாளில் நான்தான் தரையிலிருந்து பொறுக்கவேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்க, பர்மாவின் யாங்கோனில் ஓர் அரசு இலாகாவின் அணிக்காகக் குனிந்து குனிந்து பொறுக்கினேன். தோற்கிற அணிக்கே கைதட்டிப் பழகியவராக இருந்தால் உங்களுக்கு என் முதுகுவலி புரியும்.

அந்த வருடம் மேலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: கடைசி இடத்துக்குப் போனால் அணி கலைக்கப்படும், இலாகா குடியிருப்பில் இருக்கும் ஆட்டக்காரர்கள் அறையைக் காலி செய்யவேண்டும். எங்கள் கோல்கீப்பர் செல்வாவுக்கு அங்கே ஒற்றை அறை. மனைவி சந்திரா கர்ப்பமாக இருந்தாள். பக்கத்து அறை எனக்கு.

அடுப்படிச் சலவை

யாங்கோன் மழையில் துணி காயாது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையோரம் டீக்கடை வைத்திருந்த ஹனீபா பாயைக் கெஞ்சி, ரொட்டி சுடும் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக்கொண்டேன். சட்டைகள் மொறுமொறுவென்று காய்ந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள் மீது சுட்ட ரொட்டி மணத்தது. எதிரணி ஆட்கள் பசிக்கிறதென்று கேலி செய்தார்கள், கேலி செய்துகொண்டே இரண்டு கோல் போட்டார்கள்.

மறுநாள் ஈரத்துணி மூட்டையோடு போனேன். பாய் வாசலிலேயே மறித்தார். "வேணாம் தம்பி. உங்க ஆளுங்க மேல ரொட்டி வாசம், என் ரொட்டியில உங்க ஆளுங்க வேர்வை. நீங்களும் தோத்தீங்க, எனக்கும் யாவாரம் போச்சு."

எல்லாருக்கும் ஒன்பது

எங்கள் பயிற்சியாளர் ஊ டின் நல்ல மனிதர். ‘ஸயா’ என்றுதான் கூப்பிடுவோம், பர்மியில் வாத்தியார் என்று அர்த்தம். வரிசையாகத் தோற்றதும் அவர் ஜோசியரிடம் போனார். ஒன்பதுதான் ராசி, கோலைக் காக்கிறவன் ஒன்பதைச் சுமக்கவேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஒன்றாம் நம்பரைப் பிரித்து ஒன்பதைத் தைத்தவன் நான். கோல்கீப்பர் முதுகில் ஒன்பதா என்று நடுவரே இரண்டு முறை பார்த்தார்.

நான்கு கோல் வாங்கினோம். சேறு வழிய வெளியே வந்த செல்வாவிடம் ராசி என்ன ஆச்சு என்று கேட்டேன். சிரிக்காமல் சொன்னான்: "ஒம்போது நல்ல நம்பர்தாண்ணே. அந்த நாலையும் போட்டவன் முதுகுலயும் அதுதான் இருந்துச்சு."

குட்டையில் நின்ற பந்து

ஒரு நாள் அடைமழையில் ஆட்டம். எங்கள் ஆள் ஒருவன் செல்வாவுக்குப் பந்தைத் திருப்பித் தட்டினான். பாதி வழியில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் பந்து நின்றுவிட்டது. எதிரணிக்காரன் ஓடிவந்து உதைக்க, செல்வா பாய்ந்து விழுந்தான். கோல் விழாமல் தப்பியது, வலது கையின் மோதிர விரல் எலும்பு முறிந்தது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். மாற்று கோல்கீப்பரோ மலேரியாவில் படுத்திருந்தான்.

வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சந்திரா கட்டை விலக்கி விரலைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "வெரலு கூடிரும்ணே. ரூமுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

கடைசி ஆட்டம்

அந்த ஆட்டத்தில் கோல் எதுவும் விழாமல் முடிந்தாலே பிழைத்துக்கொள்வோம். ஸயாவே உட்கார்ந்து பழைய சட்டையைக் கிழித்து செல்வாவின் விரலைக் கட்டினார். முடியுமா என்று கேட்டார், இவன் தலையாட்டினான். அன்று அவன் ஆடியதைப் போல ஒருவர் ஆடி நான் பார்த்ததில்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு பந்து உயரத்திலிருந்து நேராக அவன் கைக்கே வந்தது. சின்னப் பிள்ளைகூடப் பிடித்திருக்கும். வழுக்கிப் பின்னால் போய்க் கோட்டைத் தாண்டியது.

யாரும் அவனைத் திட்டவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை. எதிரணி கோல்கீப்பர் கைகொடுக்க வந்து, உறையைக் கழற்றிய விரலைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டான். "இதோடயா நின்னே?"

விளக்குத் திருநாள்

மழைக்காலம் முடிகிற விளக்குத் திருநாளில் இளையவர்கள் பெரியவர்களைத் தேடிப்போய் மண்டியிட்டு, உடம்பாலும் வாயாலும் மனதாலும் செய்த தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்பது இந்த ஊர் பௌத்தர்களின் வழக்கம். பெரியவர் மன்னித்து வாழ்த்துவார். எங்கள் தமிழாட்களில் இந்துக் கோயிலுக்குப் போகிறவர்களும் அதை விடுவதில்லை. அறைகளைக் காலி செய்யும் உத்தரவு அதற்குள் வந்துவிட்டது. வாழைப்பழச் சீப்போடு செல்வா ஊருக்கு வடக்கே மிங்கலாடோனில் இருந்த ஸயா வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

மண்டியிட்டான். உடம்பு என்றான், வாய் என்று சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டான். வாயும் மனசும் எந்தத் தப்பும் பண்ணவில்லை, கையை மட்டும் மன்னித்தால் போதும் என்றான். ஸயா நாற்காலியை விட்டிறங்கி அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கும்பிடு வாங்குகிற பெரியவர் அப்படி இறங்கி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கோணலாகக் கூடிப்போயிருந்த விரலைப் பிடித்துக்கொண்டு பர்மியில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கட்டுப்போட்டு அனுப்புனவன் நான். உன்கிட்ட எதை நான் மன்னிக்கிறது?"

மற்ற அணிகள் சீசன் முடிந்ததும் கோப்பையைத் தூக்கின, நாங்கள் அவரவர் பாய், பானை, சட்டியைத் தூக்கினோம்.