முனையில் கேட்கும் வண்டி

அம்மா தவறிப்போனதிலிருந்து எங்கள் வீட்டு கேட் மூடப்படுவதில்லை.

சாயங்காலம் அப்பா தைத்துக்கொண்டிருப்பார். திடீரென்று மெஷின் நிற்கும். தலையைச் சாய்ப்பார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்து போவார். கேட்டின் இரண்டு கதவுகளையும் இன்னும் விரியத் தள்ளிவிட்டு, சுவரோடு ஒட்டி நிற்பார். தெருவில் ஒன்றும் வராது. கேட் திறந்தது திறந்தபடியே கிடக்கும். நான் போய் மூடினால், மறுபடி போய்த் திறந்துவிட்டு வருவார்.

"யாருப்பா வர்றாங்க?"

"உங்கம்மாதான். முனையில திரும்பிட்டா."

நானும் காது கொடுத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதே நேரத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று தெருமுனையைப் பார்த்தது.

அம்மா குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். ஊர் முழுக்க அவருக்கு மீட்டரம்மா என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் வீட்டுக்காரர்களே முழிப்பார்கள். பெரிய மோட்டார் சைக்கிளில் போவார். ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னவர்களிடம், "என் கால் ரெண்டும் தரையில எட்டுது, உங்க வாய்தான் எட்டாத இடத்துக்கெல்லாம் எட்டுது" என்பார். மீட்டர் குழிக்குள் கைவிட்டு ஒருமுறை பாம்பைத் தொட்டிருக்கிறார். "அதுவும் வழவழன்னுதான் இருந்துச்சு, உங்கப்பா தாடை மாதிரி" என்று சாப்பிடும்போது சொன்னார். அப்பா சிரித்ததில் புரையேறியது.

எங்கள் வீட்டு வாசல் தெருவைவிட உயரம். சரிவு செங்குத்தானது. வண்டி வந்த வேகத்திலேயே ஏறிவிட வேண்டும். நடுவில் நின்றால் பின்னால் உருளும். அதனால் வண்டி முனையில் திரும்பும்போதே அப்பா கேட்டைத் திறந்து ஓரமாக நிற்பார். அம்மா பிரேக்கைத் தொடாமல் உள்ளே வந்து கொட்டகையில் போய் நிற்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். மூடிய கேட்டை அம்மா வெளியே நின்று பார்த்ததே இல்லை.

போன வாரம் அப்பா கேட்டோடு நிற்கவில்லை. மெயின் ரோடு வரை நடந்துவிட்டார். ஒரு லாரிக்காரர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். விஷயம் தெரிந்து அண்ணன் போன் செய்தான்.

"ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். இங்க பத்தாவது மாடி, கேட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"மெஷினை விட்டுட்டு அவர் வரமாட்டாருண்ணா. அங்க வந்து என்ன பண்ணுவாரு?"

"உசுரோட இருப்பாரு. சரி, ஒண்ணு சொல்றேன். அதுக்குள்ள அவரா ஒரு நாள் கேட்டை மூடட்டும். அங்கேயே இருக்கட்டும்னு விட்டுடறேன். நீ மூடக்கூடாது. அவரா மூடணும்."

அப்பாவிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "நான் போயிட்டா அவளுக்கு யாரும்மா கேட்டைத் திறப்பா?"

நான் ஆலைகளில் இயந்திர அதிர்வு அளப்பவள். கருவி தப்பாகக் காட்டினால், அளவு தெரிந்த ஒரு அதிர்வை அதற்குக் கொடுத்துத் திருத்துவோம். அப்பாவின் காதுக்கும் அதையே செய்யலாம் என்று நினைத்தேன். வண்டியை ஓட வைத்தால், சத்தம் கொட்டகையிலிருந்து வருகிறது, முனையிலிருந்து இல்லை என்று அவருக்கே புரியும்.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேலாக வண்டி கொட்டகையில்தான் நின்றது. உறையை எடுத்தேன். சீட்டில் தூசி படிந்திருந்தது. அம்மா உட்காரும் பள்ளத்தில் மட்டும் தூசி வேறு நிறமாகத் தெரிந்தது. டயர்கள் காற்றிறங்கி, தரையோடு தட்டையாகியிருந்தன. ஏர் பில்டர் பெட்டிக்குள் எலிக்கூடு. அப்பாவின் வெட்டுத்துணிகளால் கட்டியது. துணிக்கு நடுவே நீள நீளமாக நரைமுடி சுற்றியிருந்தது. சிகிச்சையின்போது அம்மாவுக்குக் கொத்துக் கொத்தாக உதிர்ந்த முடி. கூட்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அலமாரி மேல் வைத்தேன்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கிக்கரைக் கையால் அமுக்கினேன். பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று பயந்தேன். இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அம்மா சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டிருக்கிறார். சைலன்சர் வாயிலும் துணி அடைத்திருந்தது. ஆனால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலை வடிக்கவில்லை. அது காய்ந்து பிசினாகி, துளைகளை அடைத்துவிட்டது. நீண்ட நாள் நிறுத்துபவர்கள் முதலில் அதைத்தான் வடிப்பார்கள். அம்மாவுக்கு அது தெரியும். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்றே நினைத்திருக்கிறார்.

பிறகு வேலை. பெட்ரோல் டேங்குக்குள் நட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்து ஒவ்வொரு துளையையும் கழுவி, காற்றடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்ட பிரேக்கைத் தட்டி விடுவித்தேன். பழைய ஆயிலை வடித்துப் புதியது ஊற்றினேன். டயருக்குக் காற்று, செயினுக்கு எண்ணெய். எஞ்சினும் சைலன்சர் குழாயும் சேரும் இடத்தில் கரி படிந்திருந்தது. உள்ளேயிருந்த செம்பு வளையம் நசுங்கி, ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. அதையும் பேட்டரியோடும் பிளக்கோடும் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன்.

உதிரிபாகக் கடைக்காரர் பிளந்த வளையத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"மீட்டரம்மா வண்டியா?"

"ஆமாங்க. அவங்க பொண்ணு."

"எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா, இதை மாத்துங்கம்மா, புகை ஒழுகுது, காது கிழியுதுன்னு. 'உன் கடை ஓட என் வண்டி நிக்கணுமாடா'ன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க." அப்புறம் குரல் இறங்கியது. "இந்தா, புதுசு. இப்பவாவது மாத்துங்க."

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது. சில உதைகள் வீணாயின. பிறகு பிடித்தது. வெள்ளைப் புகை கக்கி, தெளிந்து, சீராக ஓடியது. கார்புரேட்டர் திருகாணியைத் தொட்டு வேகத்தை இறக்கினேன். துடிப்பில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஆலையில் இப்படி ஒரு இயந்திரம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

வீட்டுக்குள் தையல் மெஷின் நிற்கவே இல்லை.

உள்ளே போனேன். "அப்பா, அம்மா வண்டி ஓடுது. கேக்கலையா?"

"ஏதோ வண்டி ஓடுது." தலை நிமிரவில்லை. "இது யாரோட வண்டிம்மா?"

"அம்மாவோடதுதாம்பா. நல்லா சரி பண்ணியிருக்கேன்."

"அவ வண்டிக்குக் கொலுசு இருக்குமே." மடிப்பை நகத்தால் அழுத்தினார். "ட்சுக் ட்சுக்னு. தெருவுல இருக்கிற எல்லா வண்டியும் ஒரே மாதிரிதானே கத்துது. நான் ரெண்டு மூணு தடவை வேற எவனுக்கோ கேட்டைத் திறந்துட்டேன். அப்பதான் சைலன்சர் சேர்ற இடம் விட்டுப்போச்சு. கடைக்காரன் மாத்தணும்னானாம். 'மாத்தினா உனக்கு எப்படிய்யா தெரியும், கொலுசு இருக்கட்டும்'னா. நீ மாத்திட்டியா?"



கொட்டகைக்குத் திரும்பினேன். குழாய் கையைச் சுட்டது. ஆறும்வரை காத்திருக்கவில்லை. ஈரத்துணியைச் சுற்றிக் கழற்றினேன். புது வளையத்தை எடுத்துவிட்டு, பிளந்ததை மாட்டினேன். பிளவு முன்பு எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கரித்தடத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். முறுக்கும்போது வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. முதல் உதையிலேயே பிடித்தது.

ட்சுக். ட்சுக். ட்சுக்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்ட சத்தம். நான் அதைக் கோளாறு என்று எழுதியிருந்தேன்.

தையல் மெஷின் நின்றது. அப்பா வெளியே வந்தார். உதட்டில் அறுத்த நூல் ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. நேராக கேட்டுக்குப் போனார். எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. சத்தம் இங்கிருந்து வருகிறது, திரும்பிப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். பெட்ரோல் குழாயை மூடினேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்பா திறந்துகிடந்த இரண்டு கதவுகளையும் இன்னும் விரியத் தள்ளிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். தெரு வெறிச்சோடியிருந்தது. அவர் முகம் முனையிலிருந்து மெல்லத் திரும்பியது. சரிவின் அடி, சரிவு, வாசல். பிறகு கொட்டகை. நான் கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

ஓரமாக ஒதுங்கினேன். ஒதுங்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கால்கள் ஒதுங்கின. நாய் கொட்டகையைப் பார்த்து வாலை ஆட்டியது.

அப்பா கேட்டை மூடினார். ஒரு கதவு, அப்புறம் மறு கதவு. மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். இழுத்தும் பார்த்தார்.

"இன்னிக்கு நேரத்தோட வந்துட்டா" என்றார். படியேறும்போது ஒருமுறை நின்றார். "வண்டியை அணைக்கச் சொல்லும்மா. பெட்ரோல் வீணாகுது."

உள்ளே தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அண்ணன் கூப்பிட்டான். "மூடினாரா?"

"மூடினாரு."

"நீ மூடலையே?"

"இல்லண்ணா. அவராதான் மூடினாரு. நீ வரவேண்டாம்."

"அப்ப மனசு தெளிஞ்சிடுச்சு போல."

போனை வைத்தேன். கொட்டகை இருட்டியிருந்தது. சாவி என் பையில்தான் இருந்தது. இருந்தாலும் உள்ளே போனேன். மூடியிருந்த பெட்ரோல் குழாயை இன்னொரு முறை இறுக்கி மூடினேன்.

அம்மா உட்காரும் சீட்டைப் பார்த்து, "போதும்மா, அணைச்சிடு" என்றேன்.