பதினேழாவது தொட்டி

பத்மாஸினிக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, குரல் உயராது. தேதி போட்டு மனதுக்குள் எழுதி வைத்துக்கொள்வாள். மூன்று வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன் நான், எனக்குத் தெரியும்.

மைசூர் ஹெப்பாளில் பதினான்கு பேர் வேலை செய்த கம்ப்யூட்டர் கம்பெனி எங்களுடையது. 1997இல் நஞ்சன்கூட்டில் ஒரு துணி ஆலைக்குச் சாயம் கலக்கும் புரோகிராம் எழுதினோம். மொத்தம் பதினாறு சாயத் தொட்டிகள். அவற்றின் அளவுகளை வரிசையாக வைத்திருக்கும் அடிப்படைப் பகுதியை எழுதியவள் பத்மாஸினி. யார் எந்தத் தொட்டியின் அளவைக் கேட்டாலும், அப்படி ஒரு தொட்டி உண்டா என்று பார்த்த பிறகுதான் அது எடுத்துக் கொடுக்கும். இல்லாததைக் கேட்டால் அங்கேயே நின்று, கேட்டது யாருடைய கோப்பு, எந்த வரி என்று திரையில் காட்டிவிடும்.

அந்தச் சோதனையைப் பிடுங்கி எறிந்தவன் எங்கள் டீம் லீடர் ஹரிப்ரசாத். அவனும் அவளைப் போலவே மேலுகோட்டை ஐயங்கார் குடும்பம், அவளுக்குத் தூரத்து உறவுகூட. சோதனையோடு ஓட்டினால் நாற்பது சதவீதம் மெதுவாகிறது என்று மீட்டிங்கில் ஒரு தாளை நீட்டினான்.

"தடவைக்குத் தடவை இருக்கா, இருக்கான்னு கேட்டுண்டே இருந்தா மெஷின் எப்போ வேலை பண்றது?"

"நீங்க சோதனையோட ஓட்டினது, நாம பிழை தேடறதுக்கு வச்சிருக்கற மெதுவான பதிப்பு. சோதனையில்லாம ஓட்டினது கஸ்டமருக்குப் போற வேகமான பதிப்பு. ரெண்டையும் வேகமான பதிப்புல ஓட்டிப் பாருங்க. நான் பார்த்தாச்சு. நாலு சதவீதம்தான்" என்றாள்.

அவளும் ஒரு தாளை நீட்டினாள், யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. நானும்தான்.

சோதனை இல்லாமலேயே புரோகிராம் ஆலைக்குப் போனது. அங்கே சாயம் போடும் சித்தையனுக்குச் சொல்லிக்கொடுக்க பத்மாஸினியை அனுப்பினார்கள். கொள்ளேகால் பக்கத்து ஆள், கீபோர்டைத் தொட்டதே இல்லை. இரண்டு வாரம் பஸ்ஸில் போய் வந்து கற்றுக்கொடுத்தாள்.

மூன்று மாதத்தில் நீலம் வெளுக்க ஆரம்பித்தது. சில நாள் சரியாக வரும், சில நாள் வராது. சித்தையன் அவளுக்குத்தான் போன் செய்தார்.

"அம்மிணி, நான் போட்ட அளவு சரிதானுங்க. மிசின்தான் தண்ணிய அதிகமா உடுது."

ஹரிப்ரசாத் ஆலைக்குக் கடிதம் எழுதினான். பிழை பத்மாஸினி எழுதிய பகுதியில் இருந்தது, அவரை அந்த வேலையிலிருந்து நீக்கிவிட்டு அதைத் திருத்திவிட்டோம், இனிமேல் தவறு வந்தால் அது அளவு போடுபவரின் தவறு என்று. எதையும் திருத்தவில்லை, புளுகுமூட்டை. அதன் நகலை காபி மெஷினுக்கு மேலே நோட்டீஸ் போர்டில் வேறு ஒட்டினான். எல்லோரும் காபி குடித்துக்கொண்டே அவள் பெயரைப் படித்தார்கள். அவளை மேனுவல் டைப் அடிக்க உட்கார்த்தினார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் தன் கம்ப்யூட்டரில் சோதனையைத் திரும்பச் சேர்த்து, சித்தையன் போட்ட நீல அளவுகளை ஓட்டினாள். உடனே நின்றது. ஹரிப்ரசாத்தின் கோப்பு, 212ஆம் வரி. தொட்டிகளின் அளவுகளைக் கூட்டும் இடத்தில் பூஜ்யத்தில் தொடங்கிப் பதினாறு வரை எண்ணியிருந்தான், அது பதினேழு. இல்லாத பதினேழாவது தொட்டிக்காக நினைவகத்தில் கிடந்த ஏதோ குப்பை எண்ணையும் சேர்த்துக் கூட்டி, அதற்கேற்பத் தண்ணீர் விட்டிருக்கிறது இயந்திரம். அங்கே பூஜ்யம் கிடந்த நாளில் நீலம் பிழைத்தது.

"இப்பவே போய் எம்.டி.கிட்ட காட்டு" என்றேன்.

"சந்துரு, இப்போ காட்டினா ராத்திரியே திருத்திட்டு, டீம் கண்டுபிடிச்சதுன்னு எழுதுவான். அடுத்த வாரம் கழிச்சு திங்கக்கிழமை மில் மேனேஜர் வரார். என் பேரை யாருக்கு எழுதினானோ அவர் முன்னாடி காட்டறேன்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை எல்லோரையும் வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டினாள். சோதனை இல்லாமல் நூறு விநாடி, சோதனையோடு நூற்று நான்கு. பிறகு நீலத்தை ஓட்டினாள். திரையில் ஹரிப்ரசாத்தின் கோப்பும் வரியும் வந்து நின்றன. அவன் முகத்தில் ஈயாடவில்லை. எம்.டி. அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். எனக்கு வயிறு குளிர்ந்தது, சிரிப்பை மறைக்கவும் இல்லை.

ஆலை மேனேஜர் இராமச்சந்திரன் மட்டும் சிரிக்கவில்லை.

"இது எப்ப தெரிஞ்சுதும்மா?"

"போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை சார்."

"போன புதன்கிழமைதான் சித்தையனை வேலையை விட்டு நிறுத்தினோம். குடிச்சிட்டு அளவு போடறான்னு."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் நஞ்சன்கூடு பஸ் ஏறினோம். சித்தையன் தன் வீட்டு வாசலிலேயே நின்று நாங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். ஆலையிலிருந்து திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

"வேல குடுத்துட்டாங்க. தெருவே குடிகாரன்னு பேசிப்போச்சே, அத ஆரு வந்து அழிப்பாங்க? நாங் குடிக்கறதே இல்லீங்க."

"எல்லாம் அந்த ஹரிப்ரசாத்தால. அவனை வேலையை விட்டுத் தூக்கியாச்சு" என்றாள் பத்மாஸினி.

"உங்களுக்கு எத்தன நாளாத் தெரியுமுங்க?"

அவள் பொய் சொல்லவில்லை. "நேத்தோட ஒன்பது நாள்."

சித்தையன் கதவில் கையை வைத்தார்.

"அந்த ஆளு ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார். "எனக்கு உங்களத்தான் தெரியும்."

கதவைச் சாத்திக்கொண்டார்.