குறிப்புக் கட்டம்

“உன் மாமாவுக்கு இனிமே வேலை இல்லையாம்டா” என்றாள் அம்மா, போனில். அம்மாவிடம் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். அவருக்குச் சொன்னது அவர் மச்சினன். இரண்டு சாஃப்ட்வேரை முடிச்சுப் போடுகிறார்களாம், காகிதமெல்லாம் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுமாம். கடல் தாண்டி இருப்பவனுக்கு இந்த ஒரு வரி போதாதா? சோறு இறங்கவில்லை. மாமாவையே கூப்பிட்டேன்.

“எனக்கு ஒண்ணும் ஆகலடா” என்றார். குரல் அப்படிச் சொல்லவில்லை. நடந்ததை விட்டு விட்டுத்தான் சொன்னார்.

அம்மாவின் தம்பி அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் ஆவண அறை. ‘ஸ்கேன் சார்’ என்றால்தான் அங்கே தெரியும். ஒவ்வொரு பம்பின் வரைபடத்தையும் சோதனைச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து ஆவண சாஃப்ட்வேரில் ஏற்றுவார். இருநூறு மைலுக்கு அப்பால் கிளை அலுவலகத்தில் ஒருவர் அதைத் திறந்து, பார்த்துப் பார்த்து, சரக்கு அனுப்பும் சாஃப்ட்வேரில் மறுபடி தட்டச்சு செய்வார். திரையில் ‘கிளை 2’ என்று மட்டும் வரும்.

ஆவணத்துக்குக் கீழே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். பதினோரு வருடத்துக்கு முன் அதில் முதல் வரி வந்தது: ‘மூன்றாம் பக்கம் கோணல். நேராக அனுப்பவும்.’

மாமா எழுதினார்: ‘கோணல் மெஷினில்தான், ஆளிடம் இல்லை.’

மறுநாள் பதில்: ‘ஆளைப் பார்த்தால்தானே தெரியும்.’

அன்றிலிருந்து ஒருநாள் விட்டதில்லை. ‘இங்கே நாலு நாளாக மழை. புடவை காயவில்லை.’ ‘பல்வலி எப்படி?’ இருவரும் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் இருப்பதும் போய்விடுமோ என்ற பயம்.

இணைப்பு வேலைக்கு வந்த பெண் கையில் ஒரு பட்டியல் இருந்தது. ஆவண சாஃப்ட்வேரில் இருக்கும் எந்தக் கட்டம் சரக்கு சாஃப்ட்வேரில் எங்கே போக வேண்டும் என்று வரிக்கு வரி மாமா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“சார், இந்தக் குறிப்பு எதுக்கு? வேணுமா?”

“இருக்கட்டும்மா. வேணும்.”

பழைய ஆவணங்களை வைத்துச் சோதித்தார்கள். ஆவணம் தானாகவே போனது. சரக்குக் கூடத்தில் சீட்டும் அச்சாகி வந்தது. மேற்பார்வையாளர் எடுத்து உரக்கப் படித்தார்:

“பம்பு ஒண்ணு. எடை நாப்பது கிலோ. குறிப்பு... ‘உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளியுங்கள். உங்களுக்கு வலித்தால் எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.’ யோவ், பம்புக்கு எப்பய்யா பல்லு முளைச்சுது?”

கூடமே சிரித்தது. “ஸ்கேன் சார், வாங்கறவங்க மேல இவ்வளவு பாசமா?”

மாமாவும் சிரித்து வைத்தார். ஆனால் அது அவர் எழுதியதல்ல. அவருடைய பல்வலிக்கு அங்கிருந்து வந்தது. நாளை இதே சீட்டு கிளையிலும் அச்சாகும். அங்கே யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள்?

பட்டியலை வாங்கி, ‘வேண்டும்’ என்பதை அடித்து, ‘தேவையில்லை’ என்று எழுதினார்.

“அப்போ அந்தக் கட்டமே இருக்காது சார். இப்பவே எடுத்துடறேன். பழசும் வராது.”

“சரிம்மா. கிளையில தட்டச்சு பண்றவங்க...?”

“அந்த வேலையே இனி இல்லையே! திங்கக்கிழமையிலிருந்து வேற எங்கயோ மாத்தறாங்களாம்.”

“எங்க?”

“அதெல்லாம் எனக்கு எப்படி சார் தெரியும்?”

அப்படியென்றால் வேலை போகிறது, மாமாவுக்கு அல்ல. அன்று வெள்ளிக்கிழமை. கட்டம் போய்விட்டது, எழுதிக் கேட்க இடமில்லை. கிளையின் தொலைபேசி எண் பதினோரு வருடமாக எல்லாச் சான்றிதழின் தலைப்பிலும்தான் இருந்தது. மாமா கதவைச் சாத்திவிட்டு எண்களை அழுத்தினார். வேறு யாராவது எடுத்தால் யாரென்று கேட்பது? பெயர் தெரியாது. மழையில் புடவை காயாதவர் என்றா?

அந்தப் பக்கம் மணி அடித்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுபடி அடித்தது. ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். அடித்துக்கொண்டே இருந்தது.