மேடானுக்குப் போன அண்ணனும் எடுத்துப் போகாத கித்தாரும்

கித்தார் வாசிக்கிறவனுக்குக் கல்யாண வீட்டில் இரண்டே கவலைதான்: கம்பி அறுந்துவிடுமோ, பந்தியில் சோறு தீர்ந்துவிடுமோ. இரண்டாவது கவலைக்கு என்னிடம் மருந்து கிடையாது. முதலாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஏழாம் ஸ்டாண்டர்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பிடிக்கவில்லை, விட்டேன், அதற்கு மேல் காரணம் கிடையாது. அன்றிலிருந்து மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் சவரிமுத்து அண்ணனுடைய பேண்டில் கித்தார் வாசிக்கிறேன். பேண்டு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சவரிமுத்து அண்ணன் பிடில், தாஸ் டிரம், நான். வேதக்காரர் வீட்டுக் கல்யாணம், ஞானஸ்நானம், பிறந்தநாள் டீ பார்ட்டி, மாதா திருநாள் என்று யார் கூப்பிட்டாலும் போவோம்.

நீங்களும் வாத்தியக்காரராக இருந்தால் இந்தக் கேள்வி உங்களையும் துரத்தியிருக்கும்: “ஏன் ஒரே ஒரு கித்தாரோட வந்தே? இன்னொண்ணு கொண்டாரக் கூடாதா?” இன்னொன்று இல்லாதவன் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதற்கும் வழியில்லை. எங்கள் வீட்டில் இன்னொன்று இருக்கிறது. என்னுடையதைவிட நல்லது. அதை நான் எடுத்துப் போவதில்லை.

கப்பல் ஜெட்டியில் சொன்னது

அது பீட்டர் அண்ணனுடைய கித்தார். என் கூடப் பிறந்தவன், ஏழு வயது மூத்தவன். இந்தப் பேண்டில் இப்போது நான் உட்காரும் நாற்காலியும் அவனுடையதுதான். இரண்டரை வருஷத்துக்கு முன் ஒரு மலாய் நாடகக் கம்பெனிக்காரர் அவன் வாசிப்பைக் கேட்டுவிட்டு, கடல் தாண்டி மேடானுக்கு வருகிறாயா என்றார். கித்தார் அவர்களே கொடுப்பார்களாம். மூன்று மாதம்தானாம். மறு வாரமே கப்பல் ஏறினான்.

கப்பல் ஏறுகிற ஜெட்டியில் அம்மா அவன் கையை விடவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். கூலிக்காரர்கள் மூட்டைகளோடு கத்தினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், எப்போது கப்பல் போகும், எப்போது வீட்டுக்குப் போய் அந்தக் கித்தாரைத் தொடலாம் என்றும் இருந்தது. அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான் போல. என்னைப் பார்த்து விரலை ஆட்டினான். பிறகு அம்மாவிடம் சொன்னான்: “கித்தாரையே விட்டுட்டுப் போறேன், திரும்பி வராம எங்கம்மா போயிடுவேன்?”

ஐந்து கம்பி

ஆயர் ஈத்தாமில் ஒரு கல்யாணம். ட்ராமில் போய் இறங்கினோம். மாப்பிள்ளையும் பெண்ணும் கோயிலிலிருந்து வந்து பந்தலுக்குள் காலை வைக்கிறார்கள், சவரிமுத்து அண்ணன் வில்லை எடுக்கிறார், நான் ஒரு இழு இழுத்தேன். முதல் கம்பி ‘டிங்’ என்று போய் என் கன்னத்தில் அடித்தது. மாற்றிப் போட நேரமில்லை. போட்டாலும் புதுக் கம்பி சுருதியில் நிற்க அரை மணி நேரமாகும். இருக்கிற ஐந்து கம்பியை வைத்தே ஒப்பேற்றினேன். மேலே போக வேண்டிய இடத்திலெல்லாம் பாட்டில் ஓட்டை விழுந்தது. பெண்ணுக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

“பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி,” என்றார் அவர், எலும்பைக் கடித்துக்கொண்டே. “ஆனா முன்பல்லு விழுந்தவன் பாடுற மாதிரி இருந்துச்சு லா.”

சனிக்கிழமை வேலை

அண்ணன் கித்தார் பெட்டிக்குள் கட்டிலுக்கடியில் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அதை வெளியே எடுத்துத் துடைப்பாள். நான் சுருதி சேர்க்க வேண்டும். வாசிக்கக் கூடாது, சேர்க்க மட்டும்தான். அண்ணன் என்றைக்கு வந்து இறங்கினாலும் பெட்டியைத் திறந்ததும் வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அம்மாவின் சட்டம்.

முன்பெல்லாம் அந்த ஒரே கித்தாரை நானும் அவனும் சேர்ந்து வாசிப்போம். அவன் கித்தாரின் கழுத்தைப் பிடித்துக் கம்பியை அழுத்துவான், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டுவேன். இரண்டு பேரும் சிரித்தால் தாளம் கெட்டுவிடும். அதனால் வேண்டுமென்றே சிரிப்பு மூட்டுவான். இப்போது கித்தார் தலையிலுள்ள ஆறு சாவியையும் நானே முறுக்கி, ஆறு கம்பியையும் ஒவ்வொரு தடவை தட்டிப் பார்த்து, பெட்டியை மூடுகிறேன். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் அம்மாவின் துணி அப்படியே நிற்கும். என் கையும்தான். முதல் வருஷம் ஐந்து கடிதம் வந்தது. அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் ‘சீக்கிரம் வருகிறேன்’.

வாசிக்காத கித்தாரை முறுக்கி வைக்கக் கூடாது, கம்பி இழுத்து இழுத்துப் பலகையைத் தூக்கிவிடும், தளர்த்திப் போட வேண்டும். இது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சவரிமுத்து அண்ணனும் எனக்குச் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை.

“தளத்திப் போடுறது செத்தவன் சாமானை,” என்றாள். “எம்புள்ள வந்துக்கிட்டு இருக்கான்.”

இரவல்

ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வீடு. அரசாங்க ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பிறந்தநாள் டீ பார்ட்டி. வெள்ளை மேசைத்துணி, கேக், ஓரமாக நாங்கள். மூன்றாவது பாட்டில் என் கித்தாரின் ஒரு சாவி வழுக்க ஆரம்பித்தது. முறுக்க முறுக்கத் திரும்பி ஓடியது. சுவரில் ரிப்பன் கட்டி ஒரு கித்தார் தொங்கியது. கேட்டேன். அந்தப் பெண் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தது. கொடுக்கும்போது அதன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தன் பல்லைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. யாரும் வாசித்ததே இல்லை போல, உள்ளேயிருந்து ஒரு பல்லி குதித்தது. பெண்கள் நாற்காலிமேல் ஏறினார்கள்.

நான் வியர்த்துப்போய் நின்றேன். வீட்டுக்காரர் கோபப்படவில்லை, மீசையைத் தடவிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்: “தம்பி, வாத்தியக்காரர் வாத்தியத்தோடதான் வருவினம் எண்டு நான் நினைச்சுப்போட்டன்.”

சுங்கை பாக்காப்பில் பெட்டி தட்டியது

ஒரு எஸ்டேட் தோட்டத்தில் மாதா திருநாள். படகேறி அக்கரை போய், அங்கிருந்து லாரியில் சுங்கை பாக்காப்புக்குப் போனோம். பாதி வழியில் மழை. லாரிக்குக் கூரை கிடையாது. சவரிமுத்து அண்ணன் பிடிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார், தாஸ் டிரம்மின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். நான் கித்தாருக்கு ஒரு சாக்கைத்தான் சுற்ற முடிந்தது. போய் இறங்கிப் பிரித்தால் முதுகுப் பலகை பசை விட்டு, வாழை மட்டை மாதிரி தனியே வந்தது.

சப்பரம் கிளம்புகிறது. முந்நூறு பேர் நிற்கிறார்கள். அதில் பாதிப் பேர் மூன்று மாதமாக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவர்கள். நான் என்ன செய்ய? கித்தாரைக் கவிழ்த்துப் பிடித்து டிரம்மோடு சேர்ந்து தட்டிக்கொண்டே நடந்தேன். தாஸுக்கு ஒரே குஷி. என் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நடந்த ஒரு அக்கா மூன்று தெருவரைக்கும் பொறுமையாக வந்தது. அப்புறம் கேட்டது: “நல்லாத்தான் பொட்டி தட்டுறே தம்பி, கித்தார்க்காரரு எப்ப வருவாரு?”

படகில்

திரும்பி வரும்போது தாஸ் இந்தக் கதையை அப்படியே நடித்துக் காட்டிக்கொண்டு வந்தான். சவரிமுத்து அண்ணன் சிரிக்கவில்லை. தாஸை அந்தப் பக்கம் போகச் சொன்னார்.

“சூசை, அடுத்த ஞாயித்துக்கிழமை துறைமுகத்துக் கிராணி வீட்டுக் கல்யாணம். ஹால் எடுத்திருக்காங்க. துறைமுகக் கணக்கெல்லாம் அவர் கையில, பெரிய எடம். ரெண்டு கித்தாரோட வந்தா வா. இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்கிறேன்.”

“அது பீட்டர் அண்ணன் கித்தார்ண்ணே. அம்மா தர மாட்டாங்க.”

அம்மா தர மாட்டாள் என்பது பாதி உண்மை. நான் கேட்டதே இல்லை. அந்தக் கித்தாரை எடுத்து மேடையில் வாசித்துவிட்டால் அது என்னுடையதாகிவிடும். அது என்னுடையதானால் அவன் எதற்காக வருவான்? இது புத்தியுள்ளவன் பேச்சில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அதுதான் காரணம்.

 பீட்டர் அண்ணனுக்குக் கித்தார் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரே சவரிமுத்து அண்ணன்தான்.

“அவனுக்காக நானுந்தான்டா காத்துக்கிட்டு இருக்கேன். கல்யாணப் பொண்ணு காத்துக்கிட்டு இருக்க மாட்டா.”

கிராணி வீட்டுக் கல்யாணம்

தச்சனிடம் கொடுத்து என் கித்தாரின் முதுகை ஒட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன்.  அம்மா பெட்டியை வழக்கம்போல எடுத்து வைத்தாள். சுருதி சேர்க்கும்போதுதான் பார்த்தேன்: கம்பிகள் கட்டியிருக்கும் அடிக்கட்டைக்குக் கீழே ஒரு நூல் நுழையுமளவு இடைவெளி. பலகையை விட்டு எழும்ப ஆரம்பித்திருந்தது. பார்த்துவிட்டும் முறுக்கினேன். தளர்த்தினால் அம்மா ஏன் என்று கேட்பாள். அதனால் முறுக்கினேன். தப்பு என்னுடையதுதான், வேறு யார்மேலும் போட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தால் பெட்டி வாசல் பக்கம் இருந்தது. அம்மா அதன்மேல் தன் பழைய சேலையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள். வெயிலுக்காம். ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். ரோட்டில் கல் ஏறியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கேக் வெட்டி முடிந்ததும், பெண்ணும் அவளுடைய அப்பாவும் ஆட எழுந்தார்கள். அந்தப் பாட்டில் கித்தார்தான் முதலில் தொடங்க வேண்டும். தொடங்கினேன். இரண்டாவது அடியில் என் முதல் கம்பி அறுந்தது. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சேலையை அவிழ்த்தேன், பெட்டியைத் திறந்தேன். அடிக்கட்டை பெயர்ந்து, ஆறு கம்பியும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் சுருண்டு கிடந்தன. அது ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் மரம் புதிதாக, வெள்ளையாக இருந்தது.

தாஸ் எட்டிப் பார்த்தான். குச்சி அவன் கையில் அப்படியே நின்றது. சவரிமுத்து அண்ணன் பார்த்தார், பார்த்துவிட்டு ஹாலின் பக்கம் திரும்பிப் பிடிலில் ஏதோ ஒன்றைத் தனியாக வாசிக்க ஆரம்பித்தார், முடிக்காமல் நீட்டிக்கொண்டே இருந்தார். நான் அண்ணனுடைய முதல் கம்பியைக் கழற்றி என் கித்தாரில் கட்டினேன். இரண்டரை வருஷம் இழுபட்டுக் கிடந்த கம்பி. புதுக் கம்பி மாதிரி சுருதி இறங்கவில்லை, போட்ட இடத்திலேயே நின்றது. அன்றைக்கு நான் வாசித்த மாதிரி இதற்கு முன் வாசித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடினால் கித்தாரின் கழுத்தை யாரோ பிடித்து அழுத்துகிற மாதிரி இருந்தது. அதனால் மூடவில்லை.

முடிந்ததும் பெண்ணின் அப்பா கை கொடுத்தார். அப்புறம் என் காலடியில் இருந்த பெட்டியைக் காட்டினார்.

“அது சரி, ரெண்டு கொண்டாந்து ஒண்ணைத்தானே வாசிச்சே?”

மேடானிலிருந்து வந்தவர்

உடைந்ததை அம்மாவிடம் அன்றைக்கே காட்டினேன். திட்டவில்லை. பெயர்ந்த கட்டையைத் துணியில் முடிந்து பெட்டிக்குள்ளேயே வைத்தாள். அடுத்த சனிக்கிழமை பெட்டி வெளியே வரவில்லை. அதற்கடுத்த வாரம் காசிம் பாய் வந்தார். அண்ணனுடைய நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், சிங்கப்பூர் போகிற வழியில் அண்ணன் கொடுத்தனுப்பிய பொட்டலத்தோடு எங்கள் வீட்டைத் தேடி வந்தார். உள்ளே ஒரு பாத்திக் சேலையும் ஒரு போட்டோவும் இருந்தன. அண்ணன் மீசை வைத்திருந்தான். மடியில் ஒரு கித்தார். புதிது, என்னுடையதையும் அவனுடையதையும்விடப் பெரியது.

அம்மா போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அவன் கித்தாரு இங்கதான் இருக்கு. அது இல்லாம அங்க கஷ்டப்படுறானா?”

காசிம் பாய் நல்ல மனுஷர். அம்மா வருத்தப்படக் கூடாது என்றுதான் அப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அவனுக்கா கஷ்டம்? ரெண்டு கித்தாரு வச்சிருக்கான்மா. ஒண்ணு வாசிக்க, ஒண்ணு ஸ்பேர். ஒரே கித்தாரோட மேடை ஏறுறவன் மடையன்னு எங்களுக்கே பாடம் எடுப்பான்!”

எப்போது வருவான் என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அம்மா போட்டோவை மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து என் பக்கம் தள்ளினாள்.

“தச்சன்ட்ட குடுத்து ஒட்டிட்டு வா. இனி ஒன் கூடவே கொண்டு போ. வாசிக்காத நேரம் கம்பியத் தளத்தியே வை. அவன் வந்தா அவனே முறுக்கிக்கட்டும்.”

ஆகவே, சக கித்தார்க்காரர்களே, போகிற இடத்துக்கெல்லாம் இரண்டாவது கித்தாரையும் தூக்கிக்கொண்டு போங்கள். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அது காத்திருக்கக் கற்றுக்கொண்டு, வீட்டிலுள்ளவர்களுக்கும் கற்றுக்கொடுத்துவிடும்.